கூம்பாவுக்குக் கைகள் வேண்டாம்

நிண்டெண்டோ நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் நாம் சந்திக்கும் முதல் எதிரி கூம்பா. பழுப்பு நிறக் காளான் போன்ற உடல், சினந்த புருவம், இரண்டு பாதங்கள், கைகள் கிடையா. அதற்குத் தெரிந்தது நடப்பது மட்டுமே. பள்ளம் எதிர்ப்பட்டாலும் நிற்காமல் நடந்து விழுந்துவிடும். தலைமேல் ஒரு மிதி, அத்தோடு அதன் கதை முடிந்தது.

அது பிறந்ததும் ஏறக்குறைய ஒரு பின்யோசனையாகத்தான். ஆமை உருவ எதிரியை வெல்வது புதியவர்களுக்குக் கடினமாக இருந்ததால், எளிய எதிரி ஒன்று கடைசி நேரத்தில் தேவைப்பட்டது. நினைவகத்திலோ இடம் மிச்சமில்லை. எனவே ஒரே படத்தை இடவலமாக மாற்றி மாற்றிக் காட்டி அதை நடக்க வைத்தார்கள்.

இந்தக் கூம்பாவை, பல விளையாட்டுகளின் நாயகர்கள் மோதிக்கொள்ளும் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' களத்தில் நாமே இயக்கும் வீரனாகக் கற்பனை செய்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் அதற்குக் கைகளையும் ஆயுதங்களையும் கொடுத்து அழைத்து வருவதென்றால், வருவது கூம்பாவாக இராது. அதன் தோலைப் போர்த்திய இன்னொரு நாயகனாகவே இருக்கும்.

குழாயிலிருந்து தலைநீட்டும் பிரானா செடியும் அதே 1985 ஆட்டத்தின் சிற்றெதிரிதான். 2019 ஜனவரியில் அது இத்தொடரின் வீரர் வரிசையில் சேர்ந்தபோது, தொட்டியைச் சுமந்துகொண்டே வந்தது. முள்பந்தை ஊதுவதும், நஞ்சை உமிழ்வதும், தண்டை நீட்டிக் கடிப்பதும் செடியின் இயல்பிலிருந்தே கிளைத்தவை. அதனால்தான் அந்த வருகை வெறும் வேடிக்கையாக நின்றுவிடவில்லை.

இலக்கியத்துக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 'ஹாம்லெட்' நாடகத்தின் இரு சிறு பாத்திரங்களை டாம் ஸ்டாப்பர்ட் 1966-இல் மேடையின் நடுவே நிறுத்தினார். ஆயினும் அவர்களை வீரர்களாக்கவில்லை. மூல நாடகம் விதித்த சாவையே அவர்கள் சாகிறார்கள். அவர்களது சிறுமையைத் திருத்தாமல், அதற்குள்ளிருந்து உலகைப் பார்த்ததே அந்நாடகத்தின் வெற்றி.

கூம்பாவுக்கும் அதுவே வழி. 2017-இல் வந்த 'சூப்பர் மாரியோ ஒடிசி' ஒரு குறிப்பைத் தருகிறது. அதில் மாரியோவின் தொப்பி தலையில் விழுந்ததும் கூம்பா நம் வசமாகிறது. அது பனியில் வழுக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கோபுரமாகிறது. தனியே எளிது, திரண்டால் உயரம். இதைவிட வேறென்ன ஆற்றல் வேண்டும்? மிதிபட்டால் தட்டையாகட்டும், அடுத்த கூம்பா அதே நடையில் வரட்டும்.

இத்தகைய வீரனை வைத்துக்கொண்டு எப்படி வெல்வது என்று கேட்கலாம். அடிக்கடி தோற்கத்தான் வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகள் யோசியாமல் மிதித்துக் கடந்த ஒன்றின் இடத்தில் நின்று பார்ப்பதற்கு அந்த விலை அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.