ஆற்றைச் சுத்தம் செய்வதும் சாமி கும்பிடுவதுதான்



பஞ்சாபில் காலி பெய்ன் என்று ஒரு ஆறு இருக்கிறது. சுமார் 160 கிலோமீட்டர் நீளம். 1469-இல் பிறந்த குருநானக், சுல்தான்பூர் லோதி என்ற ஊரில் இந்த ஆற்றில் குளிக்க இறங்கி, மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தாராம். ஞானம் பெற்றுப் புது மனிதராக வந்தார் என்று சீக்கியர்கள் நம்புகிறார்கள். அதனால் அது அவர்களுக்குப் புனித ஆறு.

ஆனா, புனிதம்னு சொன்னா மட்டும் போதுமா? ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில்தான் விட்டாங்க. ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியாமல் போனது. 2000-ஆம் ஆண்டு பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சீக்கியத் துறவி, தொண்டர்களோடு ஆற்றில் இறங்கினார். கையாலேயே ஆகாயத்தாமரையைப் பிடுங்கினார்கள். ஊர் மக்களும் வந்து சேர்ந்தார்கள். சாக்கடைத் தண்ணீரைக் குளத்தில் தேக்கி, தெளியவைத்து, வயலுக்குப் பாய்ச்சவும் வழி செய்தார்கள். நம்ம அப்துல் கலாம் ஐயா குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006-இல் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். 2017-இல் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இப்படிக் கையால் செய்யும் தொண்டைச் சீக்கியர்கள் 'கார் சேவா' என்கிறார்கள். நமக்கும் இது புதுசு இல்லை. திருநாவுக்கரசர் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். நாமதான் உழவாரப்பணியைக் கோயில் மதிலோடு நிறுத்திவிட்டோம் என்பது என் கருத்து.

நம்ம மலையைப் பாருங்கள். சோலைக்காடு மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேர்ந்துதான் பழனியில் சண்முகநதி. பாதயாத்திரை வரும் பக்தர்கள் அதில் குளித்துவிட்டுத்தான் முருகனைப் பார்க்கப் போகிறார்கள். நாம மேலே ஓடையில் போடுற குப்பை, கீழே சாமி கும்பிட வர்றவங்க தலையில்தான் போய் விழும்! முருகன் குறிஞ்சி நிலத்துக் கடவுள். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும். புல்வெளியை அழித்துச் சீகை மரமும் தைல மரமும் வைத்துக்கொண்டே போனால் அது எங்கே பூக்கும்?

"அதெல்லாம் பஞ்சாயத்து வேலை", "டூரிஸ்ட் போட்ட குப்பை" என்று சிலர் சொல்வார்கள். குப்பை வண்டி ஒழுங்கா வரணும்னு பஞ்சாயத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதே, பை ஒழிந்துவிட்டதா? சட்டம் வந்து குனிந்து பொறுக்காது. கைதான் பொறுக்கணும். பொறுக்குகிற கை திரும்பப் போடாது. இதுதான் பெரிய லாபம்.

அதனால் ஒரு யோசனை. தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஆசிரியர்கள் துணையோடு நம்ம ஊர் ஓடையில் உழவாரப்பணி செய்வோம். கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க எல்லாரும் வரலாம். எல்லார் வீட்டுக் குடத்திலும் இருப்பது அந்த ஓடைத் தண்ணீர்தானே!

சாக்குப் பை நான் கொண்டு வர்றேன். நீங்க வர்றீங்களா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி