நண்பகல் 12 மணிக்கு முன்: குடிநோயும் கூலி உழைப்பும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். சிதைகள் எரிந்து அடங்கும் முன்பே, ‘குடித்துச் செத்தவர்களுக்கு எதற்குப் பத்து இலட்சம்?’ என்ற குரல் எழுந்துவிட்டது. சேரி என்றாலே குடி என்னும் பழைய அவதூறுதான் அக்குரலுக்குள் இருந்து பேசியது. இதற்கு அறச்சீற்றத்தால் மட்டுமே விடை சொல்லிவந்திருக்கிறோம். குடி எவ்வாறு நோயாகிறது என்னும் அறிவியலும் நம் பக்கம்தான் நிற்கிறது.

மூளையில் நரம்பணுக்களை அடக்கும் வேதிப்பொருள் காபா; தூண்டுவது குளூட்டமேட். மது முன்னதற்கு வலுவூட்டிப் பின்னதை ஒடுக்குகிறது. பதற்றமும் உடல்வலியும் தணிவதுபோல் தோன்றுவது இதனால்தான். ஆனால் நாள்தோறும் மது வந்துகொண்டிருந்தால் மூளை அதை ஈடுகட்டத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. அடக்கும் பக்கம் தளர்கிறது. தூண்டும் பக்கம் முறுக்கேறுகிறது. நேற்றைய அளவு இன்று போதாமல் போகிறது. மது இறங்கியதும் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது: கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை. முற்றிய நிலையில் வலிப்பும் பிதற்றலும், சிலருக்கு மரணமும்கூட. விடியலில் குடிப்பவரைக் கண்டு ‘காலையிலேயே கும்மாளமா’ என்று சிரிப்போர் இதை அறிய வேண்டும். நடுங்கும் கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது என்பதே அவரது சிக்கல்.

டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது. கூலி வேலையோ விடியலில் தொடங்குகிறது. இடைப்பட்ட மணிநேரங்கள் கள்ளச்சந்தைக்கு உரியவை. கடை திறந்த பின்னும் குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவருக்குப் பாக்கெட் சாராயமே கதி. மெத்தனால் நுழையும் வாசல் இதுதான். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் மதுவில் ஈட்டும் அரசு, அந்த வாசலில் நிற்பவரைக் குற்றவாளியாக மட்டுமே பார்க்கிறது.

அடிமைப்படுத்துவதில் பொருளுக்கு உள்ள பங்கு சூழலுக்கும் உண்டு. டோப்பமைன் சார்ந்த மூளைப் பாதைகள் போதையை மட்டுமல்லாமல், அதற்கு முன்வரும் இடத்தையும் நேரத்தையும் வாடையையும் சேர்த்தே பதிவுசெய்கின்றன. பின்னர் அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டாலே வேட்கை எழுகிறது. வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலிய அபினி வகைகளுக்கு அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவ்வாறு அடிமைப்பட்டோரில் மிகச் சிலரே மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தனர். போர்க்களம் அவர்களை விட்டு அகன்றிருந்தது.

நம் தூய்மைப் பணியாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாற்றத்தைத் தாங்கவே குடித்துவிட்டுக் குழிக்குள் இறங்குவதாகப் பலர் சொல்லிவந்துள்ளனர். நாளடைவில் அந்நாற்றமே வேட்கையின் தூண்டுகோலாகிறது. மறுநாளும் அவர் இறங்க வேண்டியது அதே குழியில்தான். அவரை அங்கே நிறுத்தியது சாதி. கையால் மலமள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. மலக்குழி மரணத்துக்கு 30 இலட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வேலை பழக்கிய குடியால் ஈரல் கெட்டுச் சாகிறவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவரது சாவு ‘தன் வினை’ ஆகிவிடுகிறது.

மருத்துவம் இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதால், முதல் சில நாள்களேனும் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தும் தயமின் ஊட்டமும் பெற வேண்டும். பிறகும் பல மாதங்கள் தொடர்சிகிச்சை தேவைப்படும். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பத்து நாள் மருத்துவமனையில் படுத்தால் பத்து நாள் கூலி போகும். திரும்பிவரும்போது வேலையே இல்லாமலும் போகலாம். தூய்மைப் பணியாளர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் பணி நிரந்தரத்துக்கு அடுத்த வரியாக, குடிநோய்ச் சிகிச்சைக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பும் இடம்பெற வேண்டும்.