எஞ்சின் ஒழுகினால் வளையல் போக வேண்டுமா?



வாசலில் நிற்கும் வேனுக்குக் கீழே கறுப்பாக ஒயில் சொட்டிக் கிடக்கிறது. கராஜுக்குப் போய் வந்த கணவர், "எஞ்சினை மாற்றினால்தான் சரி வருமாம். பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்று பார்க்கவேண்டும்" என்கிறார். அடுத்த பேச்சு பணம். அது உங்கள் கைவளையலில் போய் முடியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எஞ்சின் ஆண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அடகுக்குப் போவது உங்கள் நகை என்றால் கேள்வி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்க வேண்டிய முதற்கேள்வி "என்ன விலை?" என்பதல்ல. "எங்கே ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது?" என்பதே.

பிரஷர் குக்கரை நினைத்துப் பாருங்கள். ஓரத்தால் ஆவி போனால் ரப்பர் வளையத்தை மாற்றுகிறோம், குக்கரை வீசுவதில்லை. ஆவி போகும் துளை அடைபட்டிருந்தால், எத்தனை வளையம் மாற்றினாலும் ஆவி ஓரத்தைத் தள்ளிக்கொண்டே வரும். அடிப்பாகமே வெடித்திருந்தால்தான் புதுக் குக்கர். எஞ்சினும் அப்படித்தான். மேல்மூடி கேஸ்கட், ஒயில் பில்டர், ஒயில் சீல் இவற்றால் ஒழுகுவது வெளி ஒழுக்கு. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் சிறு வால்வு அடைபட்டாலும் ஒயில் வெளியே தள்ளப்படும். இவற்றுக்காக எஞ்சினை மாற்றத் தேவையில்லை. பின்பக்க ஒயில் சீலுக்கு மட்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருப்பதால், சாமானைவிடக் கூலி அதிகமாகும்.

எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு நாள் ஓடவிட்டு, இரவில் அடியில் ஒரு கார்ட்போட் மட்டையை விரித்து வையுங்கள். எந்த இடத்தில் சொட்டுகிறது என்று காலையில் ஓரளவு புரியும்.

உள் ஒழுக்கு வேறு. நீலப்புகை வந்தால் ஒயில் உள்ளே எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீர் காரணமின்றிக் குறைந்தால், அல்லது ஒயில் பால் தேநீர் நிறமானால், தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. அப்போதும் ஹெட் கேஸ்கட்டோடு வேலை முடியக்கூடும். முடிவெடுக்குமுன் கம்ப்ரஷன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால், பிளொக் வெடித்திருந்தால், அல்லது பழுதுபார்க்கும் செலவு நல்ல எஞ்சின் ஒன்றின் விலையை நெருங்கினால் மாற்றுவது நியாயம்.

காரணம் தீராமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியில் ஓர் உதாரணம் உண்டு. என்.எஸ்.யு. கம்பெனி 1967இல் ரோ 80 என்ற காரை வெளியிட்டது. அதில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடாது. முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். அந்த முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் சீக்கிரம் தேய்ந்து, அழுத்தம் உள்ளேயே கசிந்தது. கம்பெனி உத்தரவாதத்தின்படி எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தது. சீலின் குறை தீராததால் மாற்றிப் போட்டதும் பழுதானது. அந்தச் செலவும் கம்பெனியை நெருக்க, 1969இல் அது வொக்ஸ்வேகனின் கைக்குப் போனது. ஒரு கம்பெனிக்கே தாங்காத செலவு, ஒரு குடும்பத்துக்குத் தாங்குமா?

நம் புதுக்கடைக்குப் பஞ்சிகாவத்தை நடைதூரம். பக்கத்தில் கிடைப்பதாலேயே மாற்றுவது சுலபமாகத் தோன்றுகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருக்கும் வாகனத்தைப் பழுதுபார்த்தே பலரும் ஓட்டினார்கள். ஆகவே பழுதுபார்ப்பது கைவிட்ட கலை அல்ல.

மாற்றத்தான் வேண்டுமென்றால் சில விஷயங்களைக் கவனியுங்கள். "ரீகண்டிஷன்" என்ற பெயரை நம்பி, உள்ளே பிரித்துப் புதுப்பித்தது என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது வேறொரு வாகனத்தில் ஓடிக் கழற்றிய எஞ்சின்தான். ஓடவிட்டுக் காட்டுவார்களா, எத்தனை நாள் உத்தரவாதம், பழுதானால் பணமா மாற்று எஞ்சினா, இறக்கி ஏற்றும் கூலி யார் பொறுப்பு என்பவற்றை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். எஞ்சின் இலக்கமும் பில்லில் இருக்கட்டும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றாவிட்டால், நாளை விற்கும்போது சிக்கல் வரும்.

இரண்டு கராஜில் காட்டி, இரண்டு கணக்கையும் எழுத்தில் வாங்கி, கணவரும் நீங்களும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சீலோடு முடிகிற வேலைக்கு வளையல் போகக்கூடாது. உண்மையாகவே எஞ்சின் முடிந்திருந்தால், என்ன காரணத்துக்காகக் கழற்றிக் கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்து கொடுப்பீர்கள்.