மேய்ச்சல் நிலம் மனிதர் பெயரான கதை

சாம்பல்தீவிலிருந்து மாணவி ஒருத்தி நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறாள். நோர்வே தேசத்திற் குடியேறிய அவளுடைய சின்னம்மாவின் மகள் படிக்கும் வகுப்பிலே ‘சேத்தர்’ என்ற குடும்பப் பெயருடைய பிள்ளை ஒன்று உண்டாம். அச்சொல்லுக்கு மலைமேல் மாடு மேய்க்கும் இடம் என்று பொருள் கூறினார்களாம். “மாடு மேய்க்கும் இடத்தை யாராவது தம் பெயராக வைத்துக்கொள்வார்களா? என் அம்மப்பா பட்டி வைத்திருந்தவர். அதைச் சொன்னால் இங்கே பள்ளியிற் சிரிக்கிறார்கள்” என்று எழுதி, விளக்கம் வேண்டுகிறாள். கேள்வி சிறியது, ஆனால் அதற்குள் இருக்கும் மனவருத்தம் சிறியதன்று. ஆகவே இவ்வாரம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

நோர்வே மலையும் பள்ளத்தாக்குமாய் அமைந்த நாடு. அங்கே உழுது பயிரிடத்தக்க நிலம் மிகக் குறைவு. பனிக்காலமோ நீண்டது, அக்காலம் முழுவதும் மாடுகளைத் தொழுவத்திற் கட்டி, உலர்த்தி வைத்த புல்லைப் போட்டே காப்பாற்றல் வேண்டும். பள்ளத்தாக்கிலுள்ள புல்லைக் கோடையிலேயே மாடு தின்று தீர்த்துவிட்டால் பனிக்காலத்தில் அதற்குத் தீனி ஏது? இதற்கு அந்நாட்டுக் குடியானவர் பண்டைக்காலத்திலேயே ஒரு வழி கண்டனர். கோடை பிறந்ததும் மாடுகளையும் ஆடுகளையும் மலைமேலுள்ள புல்வெளிக்கு ஓட்டிச் சென்றனர். கீழே புல் வளர்ந்து, அறுக்கப்பட்டு, பனிக்காலத்துக்கென்று களஞ்சியஞ் சேர்ந்தது. மேலே தங்குவதற்கு மரத்தாலாகிய சிறு குடிலும், பால் வைப்பதற்கு ஓர் அறையும் அமைத்துக்கொண்டனர். குடிலும் அதனைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலமுமாகிய அவ்விடமே சேத்தர். ஆனி மாதமளவில் மேலேறி, ஆவணி புரட்டாதியிற் கீழிறங்குவது வழக்கம்.

அங்கே தங்கிப் பால் கறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆடவர் பள்ளத்தாக்கிற் புல்லறுக்க, மலைமேல் ஓர் இளம்பெண் தனியாகவோ ஒரு துணையுடனோ கோடை முழுவதும் மந்தையைப் பார்த்துக்கொள்வாள். நாள்தோறும் பாலைச் சுமந்து கீழே வருதல் இயலாது. ஆகையால் அங்கேயே வெண்ணெய் கடைந்தாள், பாற்கட்டி செய்தாள். பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் நீரையும் வீணாக்காமற் சுண்டக் காய்ச்சினாள். 1863இல், குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆன் ஹோவ் என்ற பெண் அந்நீருடன் பாலாடையையுஞ் சேர்த்துக் காய்ச்சினாள். அதிலிருந்து பிறந்ததே இன்று நோர்வேயில் வீடுதோறும் உண்ணப்படும் கபில நிறப் பாற்கட்டி. கல்லூரி காணாத ஒரு பெண்ணின் கைப்பக்குவம் ஒரு பள்ளத்தாக்கின் வறுமையைப் போக்கிற்று என்று அந்நாட்டார் இன்றும் பெருமை பேசுகின்றனர்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவிலே நோர்வேயிற் பல பத்தாயிரம் சேத்தர்கள் இருந்தன. இன்று பால் கறக்கப்படுபவை ஆயிரத்துக்கும் குறைவு. நோர்வேயும் சுவீடனும் ஒன்றுசேர்ந்து இவ்வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனத்தின் கலாசார மரபுப் பட்டியலில் 2024 டிசம்பரிற் சேர்ப்பித்தன.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். பண்டை வடமொழியிலே (நம் சமஸ்கிருதத்தை அன்று, ஸ்கந்திநேவியரின் பழைய மொழியையே இங்குக் குறிக்கிறோம்) மேய்ச்சற் குடிலைக் குறித்த சொல்லும், குடியிருப்பைக் குறித்த சொல்லும் ஒலியில் மிக நெருங்கியவை. ஓர் ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்பது இவற்றுள் எது என்று பிரித்தறிதல் அறிஞர்க்கும் கடினம். இரண்டும் ‘இருத்தல்’, ‘அமர்தல்’ என்ற கருத்துடைய ஒரே வேரில் முளைத்தவை. நமக்கு இது புதுமையன்று. ‘இரு’ என்னும் வினையடியாகவன்றோ நாமும் ‘குடியிருப்பு’ என்கிறோம்! புதுக்குடியிருப்பு என்ற ஊர்ப்பெயரை அறியாதார் ஈழத்தில் யார்? கப்பலேறிச் சென்ற ஸ்கந்திநேவியர் இச்சொல்லையும் உடன்கொண்டு போயினர். வட இங்கிலாந்தின் ஏரிநாட்டிலுள்ள சாட்டர்த்வெயிட் என்ற சிற்றூரின் முற்பாதி இச்சொல்லே. அவ்வூர்ப் பெயரும் பின்னர் ஆட்பெயராயிற்று.

மேய்ச்சலிடம் மனிதரின் பெயராக எவ்வாறு மாறியது? இதுவே மாணவி கேட்ட கேள்வியின் உயிர். முற்கால நோர்வேயருக்கு நமக்குப்போலவே நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதன்பின் இன்னாரின் மகன் அல்லது மகள் என்று தந்தையின் பெயர், அதன்பின் வாழும் பண்ணையின் பெயர், அவ்வளவுதான். பண்ணைப் பெயர் முகவரி போன்றது. ஒருவன் வேறு பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் அவனுடைய பெயரின் கடைசிப் பகுதியும் மாறிவிடும். 1349இற் கொள்ளைநோய் வந்து எண்ணற்றோர் மாண்டனர். பாழ்பட்ட பண்ணைகள் பல, அயலாரின் மேய்ச்சலிடங்களாயின. பின்னர் மக்கள் பெருகிய காலத்தில், கோடையில் மட்டும் ஆளிருந்த சேத்தர்கள் சில நிலையான பண்ணைகளாயின. அங்குக் குடியிருந்தோர் சேத்தர் என்றே வழங்கப்பட்டனர். 1923ஆம் ஆண்டுச் சட்டம் யாவரும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயரொன்றைக் கொள்ளல் வேண்டும் என்று விதித்தது. சிலர் தந்தைவழிப் பெயரை நிலைநாட்டிக்கொண்டனர். மிகப் பலர் பண்ணைப் பெயரையே தாங்கினர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்திலே நம் பத்திரிகைகளில் நாள்தோறும் அடிபட்ட சொல்ஹெய்ம் என்ற பெயரும் அங்கே பல பண்ணைகளுக்கு உரியதே. ‘ஞாயிற்றின் இல்லம்’ என்பது அதன் பொருள். ஒருவர் ஞாயிற்றின் இல்லத்தார்; இன்னொருவர் மாடு மேயும் மலையார். அந்நாட்டில் இவ்விருவருள் ஏற்றத்தாழ்வு காண்பார் இலர்.

நம்மிடம் இத்தகைய பெயர்கள் இல்லையா என்றால், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடன் உண்டு. சங்கப் புலவர் ஒருவர் ஆவூர் மூலங்கிழார். ஆ என்றால் பசு; ஆவூர் பசுவின் ஊர். அவ்வூர்ப் பெயரே அவரை இன்றளவும் அடையாளங் காட்டுகிறது. இடையன் நெடுங்கீரனார், இடையன் சேந்தங்கொற்றனார் என்ற புலவர்களோ தம் ஆயர்குலத்தைப் பெயரின் முன்னே வைத்தே வழங்கப்பட்டனர். அவர்கள் பாட்டைக் கேட்டு எவரும் சிரித்ததாகச் செய்தியில்லை. நம் காலத்துக்கு அண்மையில் வந்தால், சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) என்ற பெயரிலுள்ள ‘சி’ சிறுப்பிட்டி. ‘வை’ தந்தையார் வைரவநாதர். முல்லைநிலத்து ஆயரின் வாழ்வைப் பாடும் முல்லைக்கலி அடங்கிய கலித்தொகையை 1887இல் முதன்முதலாக அச்சேற்றியவர் அவரே. ஓர் எழுத்துக்குள் தம் ஊரையும் சுமந்துகொண்டல்லவா அப்பெரியார் உலகெங்கும் அறியப்பட்டார்! இன்றோ ஊரெழுத்து நம் பெயர்களிலிருந்து உதிர்ந்துவிட்டது. தந்தையின் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நோர்வேயில் வாழும் நம்மவர் பலருக்கு அத்தந்தை பெயரே குடும்பப் பெயராகி, பேரப்பிள்ளை வரை சென்றுவிட்டது. ஒரு சுவையான செய்தி: அந்நாட்டின் 2002ஆம் ஆண்டுப் பெயர்ச் சட்டத்தின்படி, இருநூறு பேரோ அதற்குக் குறைந்தோரோ தாங்கும் குடும்பப் பெயரை, அப்பெயருடையோரின் சம்மதமின்றிப் பிறர் எடுத்துக்கொள்ளல் ஆகாது. அரிதான பண்ணைப் பெயருக்குக் கிடைக்கும் அதே காவல், அங்கே குடியேறிய குடும்பம் ஒன்று தாங்கிச் சென்ற அரிதான தமிழ்ப் பெயருக்கும் உண்டு.

சேத்தருக்கு மிக அணித்தான தமிழ்நாட்டு உதாரணம் நீலகிரியில் இருக்கிறது. எருமை வளர்ப்பையே வாழ்வாகக் கொண்ட தோடரின் சிற்றூருக்கு மந்து என்று பெயர். நாம் மந்தை என்பதற்கு இனமான சொல் இது. ஒரு மந்தில் உருண்டையான கூரையுடைய சில குடில்கள், எருமை அடைக்கும் தொழு, பாற்கோயில் ஆகியன இருக்கும். வறட்சிக் காலத்திற் புல்லைத் தேடி வேறு மந்துக்குச் செல்வதும் அவர்கள் வழக்கம். 1906இல் தோடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர், அவர்களுடைய குலம் ஒவ்வொன்றும் தன் தலைமை மந்தின் பெயராலேயே வழங்குகிறது என்று காட்டினார். மேய்ச்சலிடம் ஊர்ப்பெயராகி, ஊர்ப்பெயர் குலப்பெயரான கதை அங்கே அப்படியே நிகழ்ந்திருக்கிறது. ஒரேயொரு வேற்றுமை: நோர்வேயில் பால் பெண்ணின் கையில், தோடரிடத்தோ பாற்கோயிலின் வேலை ஆடவர்க்கே உரியது, பெண்டிர் அதில் நுழையலாகாது.

கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820ஆம் ஆண்டுகளில் அங்கே மாளிகை எழுப்பினார். ஆங்கிலேயர் ‘ஊட்டகமண்ட்’ என்று எழுதிய பெயரின் ஈற்றிலே தோடரின் மந்து மறைந்து நின்றது. பிற்பாடு அதனை உதகமண்டலம் என்று அழகுபடுத்தினோம். கேட்பதற்கு இனிமைதான். ஆனால் எருமைத் தொழு மண்டலமாகிவிட்டது. அவ்விடம் முன்பு யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியும் வாய்மூடிக்கொண்டது.

இப்போது கடிதம் எழுதிய பிள்ளையின் சொந்தத் தெருவுக்கே வருவோம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே கடற்கரையோரமாகச் செல்லும் வீதியில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, அப்பால் குச்சவெளி. மூன்று ஊரின் ஈற்றிலும் ‘வெளி’ நிற்கிறது. வெளியென்பது மரஞ்செடி நெருங்காத திறந்த நிலம். கீழ்மாகாணத்தில் வயற்பரப்பையும் அப்படியே சொல்வோம். மூதூர்ப் பக்கத்தில் பட்டித்திடல் என்றே ஓர் ஊர் உண்டு. பட்டி மாடு அடைக்கும் இடம், திடல் மேட்டுநிலம். சேத்தர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான அண்ணனோ தம்பியோ வேண்டுமா?

பட்டி என்ற சொல்லுக்கு நேர்ந்த கதிதான் வேடிக்கையானது. உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, கோவில்பட்டி என்று தமிழகமெங்கும் ஊர்ப்பெயராய் நிற்கும் அதே சொல், ‘பட்டிக்காட்டான்’ என்ற ஏளனத்திலும் புகுந்துகொண்டது. மாணவியின் தோழியர் சிரிப்பது அந்த ஏளனத்தின் எதிரொலியே. ஆனால் தைப்பொங்கலுக்கு மறுநாள், தமிழகத்தார் மாட்டுப்பொங்கல் என்பதை ஈழத்தவராகிய நாம் பட்டிப்பொங்கல் என்றே சொல்லுகிறோம். அன்றைக்குச் சிரிப்பவர் எவருமில்லை. பொங்கலைப் பங்கிட்டு உண்பவரே உளர்.

கீழ்மாகாணத்துப் பட்டிக்காரரின் ஆண்டு நோர்வேக் குடியானவரின் ஆண்டைப் போலவே இரண்டாகப் பிரிந்தது. அங்கே பிரிப்பது பனி. இங்கே பிரிப்பது நெல். ஐப்பசியளவிற் பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயலோரத்தில் மாடு நிற்கலாகாது. பட்டிகளைக் காட்டோரத்து மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வர். மாசி பங்குனியில் அறுவடை முடிந்தபின் அவை வயலுக்குத் திரும்பி, அரிதாளை மேய்ந்து, சாணத்தை எருவாக இட்டுச் செல்லும். காட்டில் மேய்ப்பவர் தங்குவது வாடியில். பருவத்துக்கு வந்து போகும் மீனவர் கடற்கரையில் அமைப்பதும் வாடியே. தூரத்திலே கறந்த பாலைக் கெடாமற் காப்பதற்கு அவர்கள் வெண்ணெயும் பாற்கட்டியும் செய்தார்கள். நம்மவர் முட்டியில் உறையவைத்துத் தயிராக்கினார்கள். எருமைத் தயிரின் சுவை இக்கரையில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேய்ச்சற்றரைகள் இன்று சுருங்கி வருகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகள் மகாவலி அபிவிருத்தி வலயத்துள் அடங்கியவை. அங்கு மாடு வளர்ப்போர், மேய்ச்சல் நிலத்தைப் பிறர் வந்து பயிரிடுகின்றனர், மாடுகள் கொல்லப்படுகின்றன என்று முறையிட்டு, 2023 செப்டெம்பரில் சித்தாண்டியிலே வீதியோரம் அமர்ந்தனர். மடு என்பது ஆழமான நீர்நிலை. மாடு நீருண்ண வரும் இடம். பெயரைப் படித்தாலே அந்நிலம் எதற்குப் பயன்பட்டதென்று விளங்கும். ஆனால் தேசப்படத்தில் ஏறிய பெயர் மிகச் சில. பட்டி தங்கிய மேடு, கன்று அடைத்த திடல், வெள்ளத்துக்கு ஒதுங்கிய பிட்டி என்பனவற்றின் பெயர்கள் எழுத்தில் வராமல், மேய்த்தவரின் நாவில் மட்டுமே இருக்கின்றன.

எனவே அப்பிள்ளைக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். அம்மப்பாவிடம் உட்கார்ந்து, அவர் பட்டி சாய்த்த வழியை முதலிலிருந்து சொல்லச் சொல். எந்த மாதம் எங்கே புறப்பட்டார், எங்கே ஆற்றைக் கடந்தார், எங்கே வாடி போட்டார், ஒவ்வோரிடத்துக்கும் அவர்கள் இட்ட பெயர் யாது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுது. அவர் சொல்லும் ஒலியிலேயே எழுது, அழகுபடுத்தாதே. ஒரு பிரதியை நோர்வேயிலுள்ள தங்கைக்கும், ஒரு பிரதியை நமக்கும் அனுப்பி வை. பட்டி வைத்த குடும்பத்துப் பிள்ளைகள் வேறு எவரேனும் அனுப்பினாலும் இப்பகுதியில் இடம் உண்டு.