அரிது என்று எழுதும் முன்

பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். வடகிழக்குப் பருவமழையில் ஆந்திரப் பக்கம் அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டால் தரைப்பாலம் மூழ்கும். தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கம் நோக்கிப் பாயும். வெள்ளம் வடிந்து கற்களுக்கிடையே தெளிந்த நீர் ஓடும் அந்தக் கொஞ்ச காலம்தான் நீர்ப்பூச்சி ஆய்வாளருக்கு வாய்ப்பு. அப்போது அங்கே கல்லைப் புரட்டிப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போகிறோம்? நீர்ப்பூச்சிகளில் ஒன்றான கேடிஸ் பூச்சி என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வண்டி ஏறிவிடுகிறோம். பிறகு, ஓரிடத்தில் மட்டும் கிடைத்த இனத்தை "அரியது" என்று எழுதுகிறோம்.

கொடைக்கானலின் பெயரைத் தாங்கிய ஸ்டெனோசைக்கி பேரினத்துக் கேடிஸ் பூச்சி இனம் 1980இல் விவரிக்கப்பட்டது. அழகர்மலை நூபுரகங்கையின் பெயரில் ஒரு லெபிடோஸ்டோமா இனத்தைத் தினகரன், அன்பழகன் உள்ளிட்டோர் 2013இல் வெளியிட்டார்கள். பக்தர்கள் காலங்காலமாக நீராடும் தீர்த்தத்தின் பெயர், அறிவியலுக்கு அதுவரை தெரியாத ஒரு பூச்சிக்கு வந்தது. கோயில் மலைகளும் வறண்ட குன்றுகளும் நிறைந்த நம் வட மாவட்டங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

இனம் காண்பதில் அவசரம் ஆகாது. புழு கட்டும் கூட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: ஹெலிகோசைக்கி என்ற கேடிஸ் பூச்சியின் சுருள் மணற்கூட்டை 1834இல் ஐசக் லீ நத்தை என்றே விவரித்தார். இறக்கையின் நிறமும் போதாது. எத்தனாலில் அது வெளுத்துவிடும். ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்து, பிறப்புறுப்பின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல், கீழ்த் தோற்றங்களையும் வரைந்தால்தான் இனப்பெயர் உறுதியாகும்.

விளக்குப்பொறியில் விழும் ஆணும் ஓடையில் கிடைக்கும் புழுவும் ஒரே இனம்தானா என்பது அடுத்த சிக்கல். இதற்குக் கைகொடுப்பது முதிர்ந்த ஆண் கூட்டுப்புழு. வெளிவரும் தறுவாயில் இருக்கும் கூட்டுப்புழுவை நுண்ணோக்கியில் வைத்தால், மெல்லிய தோலுக்குள் ஆணின் உறுப்புகள் முழுமையாகத் தெரியும். பல குடும்பங்களில், அதே கூட்டின் பின்முனையில் புழு கழற்றிப்போட்ட தலை ஓடும் கால் தகடுகளும் நசுங்கிக் கிடக்கும். இரண்டு பருவங்களின் சான்றும் ஒரே கூட்டுக்குள்! கூட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிறேன் என்று இந்தத் துணுக்குகளைக் கொட்டிவிடுவது பெரும் இழப்பு. டிஎன்ஏ பட்டைக்குறியீடும் உதவும். ஆனால் ஒப்பிட, சரியாகப் பெயரிட்ட ஓர் ஆண் மாதிரி முதலில் வேண்டும்.

"அரிய இனம்" என்ற சொல்லோடு வரும் கட்டுரைகளிடம் இனி மூன்றைக் கேட்போம்: எந்தெந்த ஓடைகளில், எந்தெந்த மாதங்களில் தேடினீர்கள், புழுவை ஆணோடு எப்படி இணைத்தீர்கள். இவற்றுக்குப் பதில் இல்லாதவரை "ஓரிடத்தில் மட்டும் பதிவானது" என்று எழுதுவதே நேர்மை.

இந்தப் பருவமழை முடிந்ததும் பள்ளிப்பட்டுப் பக்கம் போங்கள். கூட்டுப்புழுக்களைக் கூட்டோடு எத்தனாலில் இட்டு, இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.