தேயாத காலணிக்கு ஏன் இத்தனை விலை?

1985-இல் மைக்கேல் ஜோர்டானின் பெயரில் வந்த முதல் கூடைப்பந்துக் காலணியின் விலை 65 டாலர். அந்தக் காலத்துக்கு அது அதிகம்தான். ஆனாலும் அது ஆடுவதற்கென்றே செய்யப்பட்டது. 2012 பிப்ரவரியில் நைக்கியின் ‘கேலக்ஸி ஃபோம்போசிட்’ காலணி 220 டாலருக்குச் சொற்ப எண்ணிக்கையில் வந்தபோது, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரக் கடை வாசலில் முண்டியடித்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கலவரத் தடுப்புப் போலீசாரே வர நேர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 2006-இல், என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரி தன் பெயரிலான காலணியை 15 டாலருக்கும் குறைவாக விற்றார். அதே காலணியுடன் தானும் களமிறங்கினார். வறிய வீட்டுப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய விலையில் ஆடத்தக்க காலணி தர முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? குறைந்த எண்ணிக்கை வெளியீட்டில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தரையில் வழுக்காத பிடிப்புக்கோ, முழங்காலைத் தாங்கும் மெத்தைக்கோ போவதில்லை. வேண்டுமென்றே உண்டாக்கிய தட்டுப்பாட்டுக்குத்தான் போகிறது. வண்ணத்தை மாற்றி ஏக்கத்தை விற்பதை நிறுவனங்கள் நிறுத்தட்டும். கேட்பவருக்கெல்லாம் கிடைக்குமளவு செய்யட்டும். பெட்டிக்குள் உறங்கும் காலணிக்குப் பெருமையில்லை. ஆடி ஆடித் தேய்ந்ததற்கே பெருமை.