அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்

போன மாசம் நாங்கள், அக்காவும் தங்கச்சியுமாக, அம்மாவை மட்டக்களப்பு டவுனுக்கு நாடகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். முதலில் சாப்பாடு. கொத்துரொட்டி விலையைக் கேட்டதும், "வீட்ட சோறு இருக்கே புள்ள" என்றா. ஆனாலும் முழுசா சாப்பிட்டு முடிச்சா.

ஆறு மணி நாடகம் ஆறே முக்காலுக்குத்தான் தொடங்கியது. எங்கட ஊருக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கு. கதை சூடு பிடிக்கிற நேரம் எழும்பி வந்துவிட்டோம்.

பஸ்ஸில அம்மா தன்ட சின்ன வயசைச் சொன்னா. களரியைச் சுற்றிப் பாய் விரித்து, விடிய விடிய வடமோடிக் கூத்துப் பார்த்தவவாம். முடிஞ்சதும் நடந்தே வீட்ட போகலாம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்த நீண்ட கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். தேவையான வேலைதான். ஆனால் ஊர்க் களரியில் இருந்த அம்மாமார் நகர மண்டபத்துக்கு வந்து சேரவில்லை. இண்டைக்கு மேடையில் அம்மாமாரின் கதை நடக்குது, கதிரைகளில் நாங்களும் எங்கட விரிவுரையாளர்களும் இருக்கிறோம்.

சனம் வருவதில்லை என்று ஒவ்வொரு கலந்துரையாடலிலும் கவலைப்படுகிறோம். நேரம் குறிப்பது யார்? நாங்கள்தானே! நாலரைக்குப் போடுவோம். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு நோட்டீஸ் அடிப்போம்.

அம்மா இன்னும் கேட்கிறா: "கடைசில அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த?"

எங்களுக்கும் தெரியாது.